மூன்றாம் தளத்து லிப்ட் கதவில் தாளம் போட்டவர் குறித்து

அனுப்புநர்:
தட்டச்சர்,
மாடிப்படிக்கு அடியில், தரைத்தளம்,
தங்கள் அலுவலகக் கட்டிடம்.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
மூன்றாம் தளம்,
மேற்படி கட்டிடம்.

பொருள்: லிப்ட் இயக்குநரின் தற்காலிகப் பணிநீக்கத்தை ரத்து செய்யக் கோருதல் – ஞாயிற்றுக்கிழமை லிப்டுக்குள் பாட்டு ஒன்றைப் படம் பிடித்ததில் நடந்தது என்ன என்பதைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: லிப்ட் இயக்குநருக்குத் தாங்கள் வழங்கிய குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு, மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பாதிக்கு மேல் என் விரல் பட்டவை. 'தாழ்மையுடன்', 'ஆவன செய்யுமாறு' என்ற சொற்களை ஊரார் சார்பில் அடித்து அடித்து அந்த எழுத்துகளே தேய்ந்துவிட்டன. என் சார்பில் அடிப்பது இதுவே முதல் முறை. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. தங்கள் குறிப்பாணையில் 'லிப்டுக்குள் இருந்த அடையாளம் தெரியாத மூன்று பெண்கள்' என்று ஒரு வரி உள்ளது. அந்த மூவரில் பருமனாக, கையில் மைக்குடன் நின்றவள் நான். நாள்தோறும் காலையில் தங்களுக்கு வணக்கம் சொல்லும் அதே ஆள்தான். அன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலையில் பெரிய ஹெட்போனை மாட்டியிருந்ததால் தங்களுக்கு என்னைத் தெரியாமல் போயிருக்கலாம். கேமராவுடன் நின்றவர் என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை. பாடியவர் அரசு மருத்துவமனையில் செவிலியர். ஆகவே அடையாளம் தெரியாதவர் எவரும் அங்கு இல்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

3. என் நாத்தனாரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லாமல் இந்த மனுவை மேலே கொண்டுபோக முடியாது. வாரம் முழுவதும் போட்டோ ஸ்டூடியோவில் விண்ணப்பங்களுக்கான படம் எடுப்பது அவர் வேலை. "தலைய நேரா வைங்க, சிரிக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர், விடுமுறை நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் ஊர்ப் பாட்டுக்காரர்களைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். ஊரில் பாடவும் வாசிக்கவும் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, மேடை கிடைப்பது வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத்தான் என்பது அவருடைய வெகுநாள் வயிற்றெரிச்சல். "மேடை கிடைக்கலேன்னா என்ன அண்ணி, ஊர் பூரா இடம் கிடக்கே" என்று ஒரு நாள் கிளம்பியவர்தான். பேருந்துகளைக் கழுவும் கொட்டகையில் தண்ணீர் பீய்ச்சும்போதே ஒரு நடத்துநரைப் புல்லாங்குழல் வாசிக்க வைத்தார். காய்கறி வைக்கும் குளிர்கிடங்கில், வாயிலிருந்து புகை வரவர, கோஸ் மூட்டைகளுக்கு நடுவே ஒரு கணக்காளரை வயலின் வாசிக்க வைத்தார். தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தின் ஆழமான முனையில் ஒரு தையற்காரரை உட்காரவைத்து அவர் ஆர்மோனியத்தைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்த எங்கள் தெருவில் ஒருவர்கூட அன்று தொலைக்காட்சி போடவில்லை.

என் கணவர் "இவளுக்கு வேற வேலை இல்ல" என்று வாய் ஓயாமல் சொல்வார். ஆனால் விளக்குப் பிடிக்க ஆள் இல்லை என்றால் முதலில் செருப்பை மாட்டுபவரும் அவர்தான்.

4. என் நாத்தனாரின் வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த மனுவில் கூறப்படும் அனைத்தும் அதிலிருந்தே வந்தவை என்பதால் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பாட்டு ஒரே மூச்சில் எடுக்கப்படும். தொடங்கினால் நடுவில் நிறுத்துவது கிடையாது. இருமல் வந்தாலும், பூனை குறுக்கே போனாலும், மின்சாரம் போனாலும் போனதுதான், பாட்டு நிற்காது. அந்த இடத்தில் இருக்கும் சத்தத்தையும் அணைக்கக் கூடாது. "இடமும் கூடச் சேர்ந்து பாடணும் அண்ணி" என்பார். இந்த வழக்கத்தைக் கேலி பேசியவர்கள் உண்டு. அந்தக் குளிர்கிடங்கின் மோட்டார் உறுமலோடு வயலின் சேர்ந்துகொண்ட இடத்தைக் கேட்ட பிறகு நான் கேலி பேசுவதில்லை.

5. தங்கள் கட்டிடத்து லிப்ட் பழையது. உள்ளே மின்விசிறி ஓடும்போது ஒரே சுருதியில் ரீங்காரமிடும். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் அடங்கி, பேசுகிறவர் குரல் அவருக்கே புதிதாகக் கேட்கும். இதை என் நாத்தனாரிடம் பெருமையாகச் சொன்னவர் லிப்ட் இயக்குநர். அவரைத் தாங்கள் அறிவீர்கள். ஏறுகிறவர்களிடம் "மேலே போலாமா?" என்று கேட்டுக் கேட்டு அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. வயதான சிலர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொண்டு படியேறிப் போனதும் உண்டு. அவர் தன் லிப்டைத் தன் வீட்டின் முன்னறை போலத்தான் வைத்திருக்கிறார். துடைக்காத நாள் கிடையாது.

அலுவலகம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், காவலாளியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, லிப்டில் பாட்டை எடுப்பது என்று முடிவானது. எழுத்து மூலம் அனுமதி பெறவில்லை. மனு எழுதியே பிழைக்கும் என் வீட்டிலேயே ஒருவருக்கும் ஒரு மனு எழுதத் தோன்றவில்லை என்பதற்காக என்னைத் தாங்கள் தாராளமாகக் கடிந்துகொள்ளலாம். லிப்ட் இயக்குநரை அல்ல.

6. லிப்டுக்குள் 'நான்கு நபர்கள் மட்டும்' என்று பலகை உள்ளது. பாடுபவர், படம் எடுப்பவர், மைக் பிடிக்கும் நான், லிப்ட் இயக்குநர் என்று நால்வர் ஆகிவிட்டோம். என் உடம்பைப் பார்த்து "அண்ணி, உங்கள ஒண்ணுன்னுதான் கணக்கு வெச்சிருக்கேன்" என்று என் நாத்தனார் சொன்னதையும் மறைக்கவில்லை. தாளம் வாசிப்பவருக்கு உள்ளே இடமில்லை. அவர் கார்களின் நசுங்கிய பாகங்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் வேலை செய்பவர். ஊரில் டிங்கர் என்பார்கள். இரும்புத் தகடு கிடைத்தால் போதும், அதிலிருந்து மேளத்தை வரவழைத்துவிடுவார். ஆகவே லிப்டை மூன்றாம் தளத்தில் நிறுத்தி, கதவைச் சாத்தி, உள்ளே பாட்டு எடுப்பது. டிங்கர் வெளியே நின்று கதவையே மேளமாக வாசிப்பது. எப்போது தொடங்குவது என்பதை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுவது என்று ஏற்பாடு. பலகையின் விதியை நாங்கள் மீறவில்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

7. ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிங்கர் தரைத்தளத்தையே முதல் தளம் என்று எண்ணிவிட்டார். படியேறிப் போய் இரண்டாம் தளத்துக் கதவுக்கு முன் நின்றுகொண்டார். தலைக்கு மேலே எங்கோ பாட்டுச் சத்தம் கேட்டதும், லிப்ட் இறங்கி வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து, இரண்டு கைகளையும் தூக்கி வைத்தபடி பாட்டு முடியும்வரை காத்திருந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது இன்றும் அவர் முகத்தை நிமிர்த்துவதில்லை.

அதே வேளையில் தாங்கள், விடுமுறை நாளிலும் கடமையின் பொருட்டு அலுவலகம் வந்து, கோப்புகளுடன் மூன்றாம் தளத்தில் லிப்டுக்காக நின்றிருந்தீர்கள் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. தங்களுக்கு முழங்கால் வலி உண்டு என்பது கட்டிடம் முழுவதும் அறிந்ததே. தெரிந்திருந்தால் பாட்டையும் பார்க்காமல், படத்தையும் பார்க்காமல், முதல் ஆளாகக் கதவைத் திறந்திருப்பவர் லிப்ட் இயக்குநர்தான்.

8. இனி, குற்றச்சாட்டுகள். முதலாவது, 'உயர் அலுவலர் தொடர்ந்து கதவைத் தட்டியும் வேண்டுமென்றே திறக்கவில்லை' என்பது. ஐயா, தாங்கள் தட்டினீர்கள். எங்களுக்கு நன்றாகவே கேட்டது. மறுக்க வழியில்லை, படத்திலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் கேட்ட நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். டிங்கர் தொடங்கிவிட்டார் என்று நினைத்தோம். முதலில் மூன்று தட்டு, பிறகு ஒரு இடைவெளி, பிறகு உள்ளங்கையால் படபடவென்று. "இன்னிக்கு டிங்கருக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று லிப்ட் இயக்குநர் என் காதருகே கிசுகிசுத்தார். என் நாத்தனாரோ மகிழ்ச்சியில் கேமராவைக் கதவுப் பக்கமே திருப்பிவிட்டார். தங்கள் கோபத்தை நாங்கள் வாசிப்பு என்று எண்ணி ரசித்ததற்கு வருந்துகிறேன். ஆனால் ரசித்தது உண்மை.

9. இரண்டாவது, 'உள்ளிருந்து பாட்டுப் பாடிக் கேலி செய்தனர்' என்பது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பாட்டின் பல்லவி,

"வெளிய நிக்கிற மகராசா, வேகமா வந்து என்ன செய்ய?
கொஞ்சம் நில்லு, கொஞ்சம் நில்லு, கதவு தானாத் திறக்கும்."

தாங்கள் வெளியே நின்று கதவைத் தட்ட, உள்ளிருந்து ஒரு பெண் குரல் இப்படிப் பாடினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? தங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் மைக்கையே பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் இது தங்களை நோக்கிய பாட்டு அல்ல. அந்தச் செவிலியர் தம் வார்டுக்கு வெளியே, பார்வையாளர் நேரத்துக்கு முன்பே வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களைச் சமாதானப்படுத்தத் தாமே கட்டிய பாட்டு. அதட்டினால் அழுகிறார்கள், பாடினால் நின்றுவிடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மருத்துவமனையில் அவருடன் பணிபுரிவோர் எவரைக் கேட்டாலும் இதை உறுதிப்படுத்துவர். சொல்லப்போனால், தாங்கள் தட்டிய வேகத்தைக் கேட்டு, பாட்டின் பொருள் புரிந்து டிங்கர் வாசிக்கிறார் என்று அவர் மெய்மறந்துபோனார்.

10. மூன்றாவது, 'உயர் அலுவலரை ஒருமையில் விளித்ததுடன் தோளிலும் அடித்தார்' என்பது. இது முழுக்க முழுக்க உண்மை. பாட்டு முடிந்த கையோடு லிப்ட் இயக்குநர் கதவைத் திறந்தார். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. எதிரில் நிற்பது யார் என்று பாராமலே, "பின்னிட்டடா மாப்ள!" என்று கூவி, நீட்டிய கையைத் தங்கள் தோளில் போட்டார். கை விழுந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். அந்தக் கையை எடுக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் முடியாமல் அவர் நின்ற நிலையை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். தாங்கள் லிப்டில் ஏறாமல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கிப் போனீர்கள். "சார், சார், லிப்ட் ரெடி சார்" என்று அவர் பின்னாலேயே ஓடிவந்தது தங்களுக்குக் கேட்டிருக்கும்.

ஒருமையில் விளித்தது தவறே. ஆனால் ஐயா, அந்த மனிதரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். அவர் வாயிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய மரியாதை 'மாப்ள' என்ற அந்தச் சொல்தான். 'சார்' என்பதை அவர் எல்லோருக்கும் சொல்கிறார்.

11. குறிப்பாணை வந்ததிலிருந்து ஒரு வாரமாக லிப்ட் பூட்டிக் கிடக்கிறது. வேறு ஆள் போடப்படவில்லை. மேலே போக வேண்டியவர்கள் மூச்சு வாங்கி என் மேசையருகே உட்கார்ந்துவிடுகிறார்கள். லிப்ட் இயக்குநர் வேலை இல்லாவிட்டாலும் தினமும் சீருடையை இஸ்திரி போட்டு அணிந்து வருகிறார். வந்து, முடியாதவர்களின் பைகளை வாங்கிக்கொண்டு அவர்களோடு படியேறுகிறார். பழக்க தோஷத்தில் "மேலே போலாமா?" என்று கேட்டுவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறார். அவர் மனைவிக்கு இன்னும் விஷயம் தெரியாது. வீட்டில் சொல்லாமல் வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி வருகிறார். எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும் என்று அவருக்கும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கும் தெரியவில்லை. எனக்கு மனது பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

12. தங்கள் குறிப்பாணையில் மேற்படி படத்தை அழித்துவிட வேண்டும் என்றும் உள்ளது. இதன் பேரில் என் நாத்தனார் கேமராவின் சிப்பைக் கழற்றி என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். "இத அழிச்சுட்டோம்னு எழுதிக் கொடுங்க அண்ணி. அவருக்கு வேலை திரும்பக் கிடைச்சா போதும்" என்றார். குளிர்கிடங்கில் விரல் விறைத்தபோதும், நீச்சல் குளத்தில் கால் பிசகியபோதும் கலங்காதவர், இதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதுவரை எடுத்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். தடுத்தவர் லிப்ட் இயக்குநர். "அத அழிச்சுட்டுத்தான் வேலைன்னா, அந்த வேலையே வேணாம். நான் இருந்த இடத்துல ஒரு நல்லது நடந்திருக்கு. அதைப் போய் அழிப்பாங்களா?" என்று சிப்பை எடுத்து என் இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார்.

இருவரில் யார் சொல்வதை அடிப்பது என்று தெரியாமல்தான் இந்த மனுவை அடிக்கிறேன்.

13. அந்தச் சிப் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. வேறு பிரதி இல்லை. அழிப்பதும் வைத்திருப்பதும் இனி தங்கள் கையில். அதற்கு முன் ஒரே ஒரு முறை, அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்குமாறு வேண்டுகிறேன். குறிப்பாக, கடைசிச் சரணம்.

"ஓடி ஓடி வந்தவரே, ஈரக் கண்ணைத் துடைச்சுக்கோ,
உள்ள இருக்கிற உசிரு உன் முகத்தத்தான் தேடுது."

கடைசிச் சரணம் வரும்வரை கேட்பது கோபம் என்பதை இப்போது நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, இந்த வரிக்குப் பிறகு தட்டு மாறிவிடுகிறது. உள்ளங்கை ஓசை நின்று, விரல் ஓசை கேட்கிறது. பாட்டு இழுக்கும் இடத்தில் கதவு காத்திருக்கிறது. பாட்டு இறங்கும் இடத்தில் கதவு வந்து சேர்ந்துகொள்கிறது. பாட்டு முடிந்து, மின்விசிறி மட்டும் ரீங்காரமிடும்போது, கடைசியாக ஒரே ஒரு தட்டு. மெதுவாக. அது விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. கோபத்தில் இருப்பவர் கை அங்கே போய் விழாது. டிங்கரை உட்காரவைத்து இதைப் போட்டுக் காட்டினோம். கடைசித் தட்டு வந்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நானா இருந்தா அங்க ரெண்டு தட்டு தட்டிக் கெடுத்திருப்பேன்" என்றார்.

தாங்கள் அப்போதே படியிறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. பாட்டு முடியும்வரை நின்றீர்கள். எதற்காக நின்றீர்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை, கேட்கவும் இல்லை. தங்களுக்கும் மேலே உள்ளவருக்கு இந்த மனுவை அனுப்புமாறு பலர் எனக்கு அறிவுரை சொன்னார்கள். அவருக்கு விதி தெரியும். ஆனால் அந்தப் பாட்டைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவர் தாங்கள் ஒருவர்தான். ஆகவே தங்களுக்கே எழுதுகிறேன்.

14. படத்தின் முடிவில், என் நாத்தனார் வழக்கப்படி, பங்குபெற்றவர்களின் பெயர்கள் வரும். பாடியவர், லிப்ட் இயக்கியவர், மைக் பிடித்தவர் என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. 'கதவில் தாளம்' என்ற வரிக்கு எதிரே மட்டும் வெற்றிடமாக உள்ளது. டிங்கர் தம் பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசிக்காதவர் பெயரைப் போடுவதும், வாசித்தவர் பெயரை விடுவதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. தங்கள் பெயர் அங்கே வருவது தங்கள் பதவிக்குப் பொருந்தாது எனில் அந்த இடம் அப்படியே காலியாக இருக்கும். வேறொருவர் பெயரால் நிரப்பப்படாது.

15. ஆகவே, மேற்கண்ட உண்மைகளைத் தாங்கள் கருணையுடன் பரிசீலித்து, என்னையும் என் நாத்தனாரையும் எவ்விதம் வேண்டுமானாலும் கண்டித்துவிட்டு, லிப்ட் இயக்குநரின் தற்காலிகப் பணிநீக்கத்தை ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன். இதை நான் அடித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அவர் பூட்டிய லிப்டுக்கு வெளியேதான் நிற்கிறார். தட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை, சீருடையில் சும்மா நிற்கிறார். பாட்டில் வருவதுபோல அவருக்கு அந்தக் கதவு தானாகத் திறக்காது, ஐயா. தாங்கள்தான் கையெழுத்திட வேண்டும்.

இணைப்பு: கேமரா சிப் ஒன்று.

இடம்: மாடிப்படிக்கு அடியில்
நாள்: திங்கட்கிழமை, அலுவலகம் திறக்குமுன்

தங்கள் உத்தரவுக்குக் கீழ்த்தளத்தில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தட்டச்சர்